வெட்டாமல் விட்ட துணி

என் தையல் மெஷின் மேல் மாமாவின் கில்ட் குப்புறக் கிடக்கிறது. சிவப்பும் பச்சையுமாகக் கட்டம் போட்ட கனத்த துணி. முன்பக்கம் தட்டை, பின்பக்கம் முழுக்க மடிப்பு, இடுப்பில் தோல் வாரும் பக்கிளும். பேக் பைப் என்கிற, காற்றுப் பை வைத்த குழல் வாத்தியம் ஊதுகிறவர்கள் கட்டுகிற பாவாடை இது. மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். கடலூரில் அவர்களுடைய சர்ச்சான பங்குக் கோயிலின் பேண்டு செட்டில் அவர்தான் பைப் ஊதினார். இப்போது அவர் இடத்துக்கு வந்திருப்பவர் தடித்த ஆள். இடுப்பைப் பெரிதாக்கித் தரச் சொல்லி அக்காவே சிதம்பரத்துக்கு எடுத்து வந்திருக்கிறாள். எதிரே உட்கார்ந்திருக்கிறாள். கொடுத்த காப்பி அப்படியே ஆறுகிறது.

நான் பத்தாவதோடு நின்றவள். பெண்களுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும்தான் தைப்பேன். ஆண்கள் உடம்பில் டேப் வைத்ததில்லை, கூச்சம். இந்தத் துணி முதல்முதலில் என்னிடம் வந்ததற்குக் கடலூர் டெய்லர்தான் காரணம். “பாவாடைக்கெல்லாம் லேடீஸ் டெய்லரப் பாருங்க சார்” என்று அவர் திருப்பி அனுப்பியதை மாமா எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். அவருக்கு அதில் வெட்கமே கிடையாது. தெருவில் பிள்ளைகள் “பாவாட மாமா” என்று கத்தினால், கில்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றிக் காட்டுவார்.

அப்போது அவருக்கு வயிற்றில் கட்டி என்று வைத்தியம் ஆரம்பித்திருந்தது. “இதுக்கு மேல எளைச்சீங்க, பேண்டும் கெடையாது ஒண்ணும் கெடையாது” என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். மாமாவுக்கோ கோயில் திருவிழாவில் தேருக்கு முன்னால் ஊதிவிட வேண்டும். அது ஒன்றுதான் கேட்டார். அக்கா ஒரு நூலை அவர் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டு எனக்குக் கொடுத்தனுப்பினாள். அந்த அளவுக்கு இடுப்பைப் பிடித்துக் கொடுத்தேன். நூல் சுற்றும்போது மாமா மூச்சை இழுத்து வயிற்றை உப்ப வைத்திருந்திருக்கிறார். பைப்பின் பையை நிரப்பிப் பழகிய மூச்சு, அது நன்றாகவே உப்பியிருக்கும்.

அந்தப் பொய் புவனகிரியில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் வெளிப்பட்டது. நடுத்தெருவில் கில்ட் இறங்கத் தொடங்கியிருக்கிறது. பையை அக்குளில் இடுக்கி, இரண்டு கையும் குழலில் இருக்கும்போது எதைக் கொண்டு பிடிப்பது? பாட்டையும் நிறுத்தவில்லை. டிரம் அடிக்கிறவர் பின்னாலிருந்து ஓடிவந்து துண்டால் கட்டினாராம். “அவன் மட்டும் கட்டலன்னா புவனகிரி ஜனத்துக்கு அன்னிக்கு ரெண்டு ஊர்வலம்” என்றார் மாமா. அண்ணாமலை நகரில் ஆஸ்பத்திரிக்கு வந்தவர், அக்கா மருந்துக்கு நின்ற நேரத்தில் கில்டை எடுத்துக்கொண்டு தனியாக என் வீட்டுக்கு வந்திருந்தார்.

“நூலு வேணாம்மா. நீயே டேப் வச்சு எடு” என்றார். எடுத்தேன். இந்த முறை அவர் மூச்சை இழுக்கவில்லை. சட்டைக்கு மேலேயே எலும்பு தட்டுப்பட்டது. டேப்பில் நான் பார்த்த எண்ணை அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. துணி நிறைய இருக்கிறது, கொஞ்சம் வெட்டிவிட்டால் இடுப்பு உறுத்தாது என்று மட்டும் சொன்னேன்.

“வெட்டாத. உள்ளயே மடிச்சு வை. ஒடம்பு வந்தா பிரிச்சுக்கலாம்.” பிறகு வாசலைப் பார்த்துக்கொண்டு, “ஒங்க அக்காகிட்ட சொல்லிடாதம்மா. அவளுக்குத் தெரிஞ்சா ஒடஞ்சி போயிடுவா” என்றார்.

ஒவ்வொரு மடிப்பையும் இடுப்புப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்தேன். கட்டத்தோடு கட்டம் சேரும்படி தைத்தேன். உள்ளே துணி தடித்துக்கொண்டே போனது. வெளியே பார்க்க மடிப்பு முன்பைவிட நிறைவாக இருந்தது. அவர் இளைத்தது அதில் தெரியாது.

திருவிழாவுக்கு நானும் போயிருந்தேன். மாமா தேருக்கு முன்னால் கன்னம் உப்ப ஊதிக்கொண்டு போனார். அவர் நடைக்கு மடிப்பு விரிந்து விரிந்து மூடியது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “மனுசன் தேறிட்டாரு, இல்லடி?” என்றாள். நான் தலையை ஆட்டினேன். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அடுத்த மழைக்காலத்தை மாமா தாண்டவில்லை.

இப்போது பிரிப்பதற்காகக் கில்டின் உள்பக்கத்தைத் திருப்புகிறேன். என் மெஷின் தையல் வரிசையாக இருக்கிறது. அதற்கு மேல் இன்னொரு தையல் ஓடியிருக்கிறது, கறுப்பு நூலில், கையால் போட்டது. கோணலும் மாணலுமாக, ஓரிடத்தில் இரண்டு முறை குத்தி முடிச்சு விழுந்திருக்கிறது. இடுப்பு இன்னும் இரண்டு விரல் அகலம் உள்ளே போயிருக்கிறது. அக்காவுக்குப் பட்டன் வைக்கக்கூடச் சரியாக வராது.

நான் நிமிர்ந்து பார்க்கிறேன்.

“திருவிழா அன்னிக்குக் காலையில. அவுரு குளிக்கப் போயிருந்தாரு” என்கிறாள் அக்கா. “நீ தச்சது அதுக்குள்ள லூசாப் போயிருந்துச்சி. மறுபடியும் நடுத்தெருவுல இறங்கிட்டா?”

“அப்போ ஒனக்கு எல்லாம் தெரியுமா?”

“கூடப் படுத்தவளுக்குத் தெரியாதா? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டு அவுரு சந்தோசமா ஊதினாரு. ஊதட்டுமேன்னு விட்டேன்.”

பிளேடை எடுக்கிறேன். அக்கா கையை நீட்டுகிறாள். “குடு. அது நான் போட்டது.”

ஒவ்வொரு தையலாக அவளே அறுக்கிறாள். பிறகு அடியில் இருக்கும் என் மெஷின் தையலை நான் பிரிக்கிறேன். மடிப்பு விடுபட்டதும் உள்ளே இருந்த துணி வெளியே வருகிறது. வெயில் படாத சிவப்பு, வெயில் படாத பச்சை. பக்கத்தில் இருக்கும் துணியெல்லாம் வெளுத்துக் கிடக்கிறது. அக்கா அந்தக் கட்டங்களை உள்ளங்கையால் நீவிவிடுகிறாள்.

“புதுசாட்டமே இருக்குதுடி” என்கிறாள்.