முகாமில் சொல்லாமல் விட்டது

மாற்றுத்திறனாளிகள் எல்லாரும் புதிய அட்டை வாங்க வேண்டும், மருத்துவர் மறுபடி பார்த்துப் போடும் குறைபாட்டுச் சதவீதத்தைப் பொறுத்துத்தான் இனி உதவி என்று அறிவிப்பு வந்தபோது எனக்குப் பயமில்லை. என் மகளுக்கு முப்பத்திரண்டு வயது. பிறந்ததிலிருந்தே கையும் காலும் அவள் பேச்சைக் கேட்டதில்லை. பேச்சும் இழுத்து இழுத்துத்தான் வரும். புத்தி மட்டும் என்னுடையதைவிடத் தெளிவு. வாரம் ஒரு நாள் எங்கள் கிராமத்துக்கே வந்து பயிற்சி கொடுக்கும் பெண்ணால், பதினான்கு மாதத்தில், என் மகள் கயிற்றைப் பிடித்தபடி பதினேழு எட்டு எடுத்து வைக்கக் கற்றிருந்தாள். அந்தப் பெண் தொடர்ந்து வரவும் புதிய அட்டைதான் வேண்டும்.

கடலாடியில் முகாம். என் மனைவி மகளுக்குப் பட்டுச்சேலை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்தாள். எங்களுக்கு முன்னால் நாற்பத்தோரு பேர். இரண்டு மின்விசிறியில் ஒன்று ஓடவில்லை. பெரியபட்டினத்திலிருந்து மகனைத் தூக்கி வந்திருந்த ஒரு தாய் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன சார், பிள்ளயப் பொண்ணு காட்டவா கூட்டியாந்தீக?"

"ஆபீசர் முன்னால எப்படியோ போய் நிக்க முடியுமாம்மா?" என்றாள் என் மனைவி.

"இன்னைக்கு உள்ளத உள்ளபடி காட்டுற நாளு அக்கா."

எனக்கு அது உறைக்கவில்லை.

மருத்துவர், "நடப்பாங்களா?" என்று கேட்டார்.

"பதினேழு எட்டு வைப்பா சார்."

"தானாச் சாப்பிடுவாங்களா?"

"சாப்பிடுவா."

சாப்பிடுவாள்தான். முக்கால் மணி நேரம் ஆகும், பாதி மடியில் சிந்தும். அதைச் சொல்லவில்லை. பிள்ளையின் குறையை வெளியாள் முன்னால் விரித்துச் சொல்லி எங்கள் வீட்டில் பழக்கமில்லை. நான் சொன்னதை அவர் எழுதினார். அட்டையில் சதவீதம் குறைந்து வந்தது. இந்தச் சதவீதத்துக்கு இனித் தன்னால் வர முடியாது என்று பயிற்சிப் பெண் போனில் சொன்னாள்.

"பரிச்சைக்கு மார்க்கு வாங்குற மாதிரியில்ல பேசுனீக!" என்று மனைவி பொரிந்தாள். பட்டுச்சேலையைக் கட்டிவிட்டது யார் என்று நான் கேட்கவில்லை.

மறுபரிசீலனைக்கு மனுப் போட்டேன். மருத்துவரிடம் காட்ட முப்பது நாள் ஒரு நோட்டில் எழுதினேன்: ஒரு நாளைக்குத் தூக்கிவிட்டது பதினொரு முறை, சரிந்து விழுந்தது இரண்டு முறை, தண்ணீர் குடிக்க உதவியது ஒன்பது முறை. மகளுக்குத் தெரியாமல்தான் எழுதினேன். இருபதாம் நாள் பார்த்துவிட்டாள்.

"காட்டுங்கய்யா."

வேறு வழியில்லாமல் அவள் முன்னால் விரித்தேன். எல்லாப் பக்கத்தையும் படித்தாள்.

"கணக்கு... தப்பு."

"எது தப்பு தாயி?"

"பாத்ரூம் போகணும்னு... கூப்புடாம... அடக்கிக்கிட்டு இருந்தது... இதுல இல்ல. உங்களுக்கு... இடுப்பு வலினு... நாளைக்கு மூணு தடவ... நாலு தடவ."

எதையும் எண்ணாமல் விட்டதில்லை என்று நினைத்திருந்தவன் நான். அந்தப் பக்கத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் பேனாவை மூடி வைத்தேன்.

அடுத்த முகாமுக்கு மகள் வீட்டில் உடுத்தும் நைட்டியிலேயே வந்தாள். நான் நோட்டை எடுத்ததும் தடுத்தாள்.

"நீங்க வெளிய... இருங்கய்யா. நா... சொல்லிக்கிறேன்."

இருபத்தாறு நிமிடம் கதவுக்கு வெளியே நின்றேன். அவள் குரல் இழுத்து இழுத்து வந்துகொண்டே இருந்தது. மருத்துவர் அவளை அவசரப்படுத்தவில்லை.

சதவீதம் பழைய அளவுக்கு ஏறியது. பயிற்சிப் பெண் வரலாம். ஆனால் இரண்டு வருடம் கழித்து மறுபடியும் பார்ப்பார்களாம்.

ஆட்டோவில் மனைவிக்கு அடுத்த கவலை. "அதுக்குள்ள இவ இன்னும் நல்லா நடந்துட்டா, திரும்பக் கொறச்சுப்புடுவாகளே? பயிற்சியக் கொஞ்சம் மெதுவா வச்சுக்குவமா?"

எனக்கும் அந்த எண்ணம் ஓடியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கொறைக்கட்டும்மா. நா... நடப்பேன். அப்பவும்... வந்து... பேசுவேன்."