நெற்றியில் எழுதிய நேரம்

ராணுவத்தில் காயம்பட்டவர்களுக்கு முதலுதவி செய்வது என் வேலையாக இருந்தது. ஓய்வு பெற்று, திருவாரூர் பக்கம் தனியாக இருக்கிறேன். மனைவி இறந்தபின் வீட்டில் குக்கர் மட்டும்தான் சத்தம் போடும்.

சம்பா அறுவடை சமயம். பக்கத்து வயலில் அலறல் கேட்டு ஓடினேன். அங்கே வேலை செய்த இளைஞன் செல்வம் அறுவடை மெஷினில் சிக்கியிருந்தான். அவன் காலிலிருந்து ரத்தம் பீறிட்டது. என் துண்டை முழங்காலுக்கு மேலே சுற்றி, குச்சி செருகி முறுக்கினேன். ரத்தம் நின்றது.

அந்தக் கட்டு எப்போது போட்டது என்பது டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும்; அதிக நேரம் இருந்துவிட்டால் காலே போய்விடும். எல்லையில் அதை நெற்றியில்தான் எழுதுவோம். நெல் மூட்டையில் எழுதும் ஸ்கெட்ச் பேனாவை வாங்கி, செல்வத்தின் நெற்றியிலும் எழுதினேன்.

அதற்குள் அவன் அம்மா ஓடிவந்தார். வழியில் கோயிலில் அள்ளிய திருநீற்றை அந்த நெற்றியில் அழுத்திப் பூசிவிட்டார். எழுத்து அழிந்துபோனது.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க!" என்று கத்தினேன்.

"துண்ணூறுதானே தம்பி பூசினேன்," என்றார்.

நான் நேரம் எழுதிய எத்தனையோ நெற்றிகள் நினைவுக்கு வந்தன. அவற்றில் திருநீறு பூச அங்கே அம்மா யாரும் இருந்ததில்லை. நேரத்தை மறுபடியும் அவன் கையில் எழுதினேன்.

ஆம்புலன்ஸில் ஏறும்முன், விரலில் மிச்சமிருந்ததை அந்த அம்மா என் நெற்றியில் இழுத்துவிட்டார். "நீயும் நல்லாருக்கணும்ப்பா."

செல்வத்தின் கால் தப்பியது.

அன்று வீட்டுக்கு வந்து கைகளைத் தேய்த்துக் கழுவினேன். முகம் மட்டும் கழுவவில்லை.