முத்தாயி நடத்தும் கூட்டம்

நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டே முத்தாயி கூட்டத்தை நடத்துகிறாள். ஜெயங்கொண்டம் பக்கம் ஓர் ஒன்றிய அலுவலகத்தின் கூட்ட அறை. கவுன்சிலர்கள் வர இன்னும் நேரமிருக்கிறது. காலி நாற்காலிக்கும் அதில் உட்காருகிறவரின் மரியாதை உண்டு. "என்னாங்கய்யா, வெளிநடப்பா? வெயிலு கொளுத்துது, ஒக்காருங்க" என்று ஜன்னலோர நாற்காலியை அதட்டுகிறாள். எதிரணி வரிசை முழுவதும் கை தூக்கிவிடுகிறது. "தீர்மானம் பாஸு" என்று துணியை உதறுகிறாள். சிமெண்டு லாரிகள் கிளப்பிய வெண்தூசி வெயிலில் மெல்ல மிதந்து, துடைத்த இடத்திலேயே மறுபடி இறங்குகிறது. அவள் அதைப் பார்ப்பதில்லை. அவள் காதில் தொட்டி நிரம்பும் சத்தம்.

அவள் தெருவுக்கு வரவேண்டிய மேல்நிலைத் தொட்டி அது. தெருக்காரர்கள் வழக்குப் போட்டு, கோர்ட்டு உத்தரவும் வந்துவிட்டது. "ஜட்ஜய்யா கட்டிக் குடுன்னுட்டாரு. பி.டி.ஓ. சாரு, தீர்மானம் இல்லாம காசு எடுக்க முடியாதுன்றாரு. தீர்மானம் போடுறவங்க எந்திரிச்சிப் போயிடுறாங்க. நான் கொடத்தத் தூக்கிக்கிட்டு ரோட்டத் தாண்டுறேன்" என்பாள், யாரோ வேற்றூர்க்காரியின் கதையைச் சொல்வதுபோல.

எதிரணிக்குத்தான் முதலில் டீ கொடுப்பாள், கொதிக்கக் கொதிக்க. "சூடு ஆறுற வரைக்கும் எங்க போவாங்க?"

அந்த அணியில்தான் அவள் தெருக் கவுன்சிலரும் இருக்கிறான்: கூடப்பிறந்த தம்பி சாமிதுரை. எதிரணி வெளியேறிவிட்டால், தீர்மானத்துக்கு வேண்டிய தலைக்கணக்கில் ஒரு கைதான் குறைகிறது. பொங்கல் தவறாமல் அவளுக்குப் புடவை எடுத்துவருகிற கை.

"தொட்டி வந்தா பேரு சேர்மன் கட்சிக்குப் போயிடும்க்கா. கட்சியில என்னயத் தொலச்சிப்புடுவாங்க."

"பேர அவங்க எடுத்துக்கட்டும்டா. தண்ணிய நாம எடுத்துக்குவோம்."

போன கூட்டத்தில் தொட்டி விவகாரத்தை வாசித்ததும் எதிரணி கோஷம் போட்டபடி எழுந்து வெளியேறியது. சாமிதுரை மட்டும் உட்கார்ந்திருந்தான். குனிந்த தலை நிமிராமல் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தான். மின்விசிறி நிதானமாகச் சுற்றியது. முத்தாயி தட்டோடு அசையாமல் நின்றாள்.

"ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க" என்றார் சேர்மன்.

வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது: "அண்ணே, என்ன அங்க? வாங்க!"

"தம்பி, கையத் தூக்கிட்டுப் போயேன்" என்றாள் முத்தாயி, அத்தனை பேர் முன்னாலும்.

சாமிதுரை எழுந்தான். பாதி டீயோடு டம்ளரை அவள் தட்டில் வைத்தான். நழுவிய துண்டைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் அறையைவிட்டு வெளியே நடந்தான்.