குளிர்க்கிடங்குக்காரர் பனி பார்க்கக் கிளம்பிய கதை

மீன் பெட்டிகளை உறைய வைக்கும் குளிர்க்கிடங்கில் கம்ப்ரசர் பார்ப்பது அவர் வேலை. வாழ்நாளில் பாதியைக் குளிருக்குள் கழித்தவர், ஆனால் பனி விழுந்து பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் குழாய்களின் மேல் படிகிற உறைபனிதான். அதைச் சுரண்டி வாளியில் அள்ளிக் கொட்டுவதும் அவர் வேலையில் சேர்த்தி. யாரும் சுரண்டச் சொல்லாத பனியை ஒரு தடவையாவது நின்று பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதுவும் மோட்டார் சைக்கிளில், மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, நல்ல குளிர்காலத்தில், வடக்கே மலை வரைக்கும்.

"ஏன், ரயில் ஓடலையா?" என்று கேட்டார் கிடங்கின் போர்மேன்.

"ரயில்ல போனா ஜன்னல் வழியா பாக்கணும். கண்ணாடி வழியா குளிரைப் பாக்கறதுக்கு இந்த உறை அறைக் கதவே போதுமே."

மனைவிக்குத் தையல் வேலை. வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின் போட்டிருக்கிறார். தெருவே அவரைத் தையல்காரம்மா என்றுதான் கூப்பிடும். பனி மேல் அவருக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. போக ஒப்புக்கொண்டதற்கு அவர் சொன்ன காரணம் வேறு. "இத்தனை வருஷமா குனிஞ்ச தலை. வண்டியில பின்னாடி உக்காந்தா நிமிந்துதானே உக்காரணும்?"

வில்லங்கம் மகளிடமிருந்து வந்தது. மகள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க நோயாளிகளின் கதையைக் கேட்டுக் கேட்டு, நல்ல உடம்பு என்று ஒன்று உலகத்தில் உண்டு என்ற நம்பிக்கையே அவளுக்குப் போய்விட்டது. வண்டியும் அவள் பேரில்தான் இருந்தது.

"ரெண்டு பேருக்கும் சேத்து நூறு வயசுக்கு மேல ஆகுது. முதல்ல ஒருநாள் ஓட்டிக் காட்டுங்க. காலையில கிளம்பி இருட்டறதுக்குள்ள திரும்பி வரணும். யாராவது ஒருத்தர் படுத்தாலும் சாவி என்கிட்ட வந்துடும்," என்றாள்.

"நீ எங்களைப் பெத்தியா, நாங்க உன்னைப் பெத்தமா?" என்றார் அப்பா.

"அதைப் போய்ட்டு வந்து பேசலாம்பா."

அவர் வேலையைக் கவனமாகத்தான் தொடங்கினார். சமையலறைச் சுவரில் பெரிய வரைபடம் ஒன்றை ஒட்டினார். ஒரு டேங்க் பெட்ரோல் எவ்வளவு தூரம் வருமோ அந்த தூரத்துக்கு ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளிதோறும் ஒரு பெட்ரோல் பங்க். வண்டிக்குத் தேவைப்படும் இடத்தில் நிற்பது, மற்றபடி நிற்காமல் போவது. வண்டியில் வண்டியைத் தவிர இரண்டு உடம்புகளும் இருக்கின்றன என்பது அந்த வரைபடத்தில் எங்கேயும் இல்லை.

உடுப்பிலும் கிடங்கு மூளைதான் வேலை செய்தது. கிடங்கில் போடுகிற கால்சட்டை மார்பு வரை ஏறும், தோளில் பட்டை போட்டு மாட்ட வேண்டும். இடுப்பில் காற்று நுழையாது. அதே மாதிரி இரண்டு தைக்கச் சொன்னார். தையல்காரம்மா நடுவில் பஞ்சு வைத்து, ஊசி உடைய உடையத் தைத்து முடித்தார். உள்ளே இரண்டு கம்பளிச் சட்டை, அதன் மேல் இந்தக் கால்சட்டை, அதற்கும் மேல் காற்று புகாத ஜாக்கெட். போட்டுக்கொண்டு நின்றால் ஆளே மெத்தை மாதிரி இருந்தார்.

உடுப்பு குளிரைத் தாங்குகிறதா என்று பார்க்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை போர்மேனைத் தாஜா பண்ணி, வண்டியை உறை அறைக்குள்ளேயே தள்ளிக்கொண்டு போனார்கள். மீன் பெட்டிகளுக்கு நடுவில் வண்டியை நிறுத்தி இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். நுழைவதற்கு முன்னால் அவர் மனைவியிடம், கிடங்கில் புதிதாக வருகிற எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னார்.

"உள்ள போறதுக்கு முன்னாடி தண்ணி குடிக்காதே. நடுவுல இதெல்லாம் கழட்டி மாட்டறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும்."

அந்த அம்மா குடிக்கவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு இருவரும் நன்றாகத்தான் வெளியே வந்தார்கள். போர்மேன் கதவுக் கண்ணாடி வழியாக அவ்வப்போது எட்டிப் பார்த்து, "அண்ணே, எந்த ஊர் வந்திருக்கு?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

ஒருநாள் ஓட்டத்துக்கு முந்தின சாயங்காலமே தையல்காரம்மா தண்ணீர்ச் செம்பைத் தள்ளி வைத்துவிட்டார். காலையில் அரை டம்ளர் டீ, இரண்டு பிஸ்கட். அதோடு சரி. அந்தக் கனத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு இருவரும் விடியற்குளிரில் கிளம்பினார்கள்.

முதல் பங்கில், "இறங்கறியா?" என்று கேட்டார் கணவர்.

"வேணாம், நீங்க பாருங்க."

அடுத்த பங்கிலும் அதே கேள்வி, அதே பதில். அவருக்கு உச்சி குளிர்ந்தது. இப்படியொரு கூட்டாளி யாருக்குக் கிடைப்பாள் என்று நினைத்துக்கொண்டே ஓட்டினார்.

குளிரில் உடம்பு கூடுதலாகவே நீரை வெளியே தள்ளும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, உடம்பின் வழக்கம் அது. வறண்ட காற்று வேறு மூச்சிலும் தோலிலும் உறிஞ்சிக்கொள்ளும். தாகம் மட்டும் தெரியாது. குடிக்காமலும் போகாமலும் ஒரு பகலை ஓட்டினால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. திரும்பும் வழியில் அந்த அம்மாவின் ஹெல்மெட் கணவரின் முதுகில் இடித்தது. தூங்குகிறாள் என்று நினைத்தார். இடுப்பைப் பிடித்திருந்த கை தளர்ந்ததும் வண்டியை ஓரம் கட்டினார்.

இறங்கிய மனைவிக்குக் கால் நிற்கவில்லை. கெண்டைக்கால் சதை கல்லாக இறுகியிருந்தது. அப்படியே சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

கணவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். குளிரில் ஆள் சாய்ந்தால் போர்த்த வேண்டும். தன் ஜாக்கெட்டையும் கழற்றி மனைவி மேல் போட்டார்.

"மூடாதீங்க. தலை சுத்துது."

பிளாஸ்க்கைத் திறந்து டீயை ஊற்றினார்.

"வேணாம்."

"ஏன் வேணாம்? வாய் எப்படி காஞ்சிருக்கு பாரு."

"வேணாம்னா வேணாம்ங்க."

காய்கறி ஏற்றிவந்த வேன் ஒன்று நின்றது. தையல்காரம்மா முன் சீட்டில் போக, கணவர் வண்டியில் பின்னாலேயே போனார். பக்கத்து ஊரில் இரண்டு அறை உள்ள சின்ன மருத்துவமனை. நர்ஸ் வந்தார், புறங்கைத் தோலைக் கிள்ளி இழுத்துவிட்டுப் பார்த்தார். தோல் நிதானமாகத்தான் கீழே போயிற்று, உடம்பில் நீர் வற்றியதற்கு அடையாளம் அது.

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனீங்க?"

தையல்காரம்மா கணவரைப் பார்த்தார்.

"அவரை ஏன் பாக்கறீங்க? அவரா போனாரு?"

"காலையில கிளம்பறதுக்கு முன்னாடி."

"அதுக்கப்புறம் வரலையா?"

"வந்துச்சு. அடக்கிட்டேன்."

"தண்ணி?"

"நேத்து சாயங்காலம்."

"ஏன், யார்கூடயாவது பந்தயமா?"

"இவர்தான் குடிக்காதேன்னார்."

நர்ஸ் திரும்பிய வேகத்தில் கணவர் ஓரடி பின்வாங்கினார். "சிஸ்டர், நான் ஒரு மணி நேரத்துக்குத்தான் சொன்னேன்."

"எனக்கு நேரம் சொல்லலையே," என்றார் மனைவி.

முதல் வேலையாக நர்ஸ் தையல்காரம்மாவைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனார். ஜாக்கெட், பட்டை, கொக்கி, கம்பளி என்று ஒவ்வொன்றாக அவிழ்க்க இரண்டு பேர் கையும் வேண்டியிருந்தது. உள்ளேயிருந்து, "இதை எந்த மகராசன் தைச்சான்?" என்று நர்ஸ் கேட்பது வெளியே கேட்டது. "நான்தான்," என்று பதில் வந்தது.

பிறகு கட்டிலில் படுக்க வைத்து, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொடுத்து வாய் வாயாகக் குடிக்கச் சொன்னார்கள். மடமடவென்று குடித்தால் வாந்திதான் வரும். கணவர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நிறுத்துங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா? மணிக்கொருதரம் நிறுத்தறா, இவளால ஆகாதுன்னு நினைப்பீங்க. அப்புறம் போர்மேனைக் கூட்டிக்கிட்டு நீங்க போயிடுவீங்க. நான் மறுபடி குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கணும்."

"போர்மேனா? அவனை ஏத்தினா முன் சக்கரம் தூக்கிக்கும்."

தையல்காரம்மா டம்ளரை வாங்கி இன்னொரு வாய் குடித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "உடம்பு இப்ப பரவாயில்லை. வழியில வண்டி பஞ்சர்னு மககிட்ட சொல்லிடலாமா?" என்று கேட்டார்.

"வேணாம். நடந்ததையே சொல்லிடுவோம்."

"சொன்னா சாவி போச்சு."

"சாவியைத் திரும்ப வாங்கிக்கலாம்," என்றார் கணவர்.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததைச் சொல்லி கணவரே சாவியை மகளிடம் நீட்டினார். மகள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். "ஆஸ்பத்திரியில என்ன குடுத்தாங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அடுத்த நாளே வரைபடத்திலிருந்து சிவப்புப் புள்ளிகள் போயின. அவர் போனும் கையுமாக உட்கார்ந்தார். வழியில் உள்ள பங்க், உணவகம், பேருந்து நிலையம் ஒன்றையும் விடவில்லை.

"ஹலோ, பங்க்குங்களா? லேடீஸ் டாய்லெட் இருக்கா?"

"பெட்ரோல் இருக்கு சார்."

"பெட்ரோல் யாருக்கு வேணும்? டாய்லெட்டைச் சொல்லுங்க. தாழ்ப்பாள் இருக்கா? தண்ணி வருதா? சாவி யார்கிட்ட?"

சிலர் விளையாட்டு என்று நினைத்து வைத்துவிட்டார்கள். ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். கம்ப்ரசரோடு காலம் தள்ளியவருக்குத் திட்டு பெரிதில்லை. மறுபடி கூப்பிட்டார். விசாரித்து முடித்தபோது, நல்ல கழிப்பறை உள்ள இடமெல்லாம் அவர் வைத்த பச்சைப் புள்ளிகள் சிவப்பைப் போல மூன்று மடங்கு இருந்தன. மலைக்குப் போய்ச் சேர இன்னும் இரண்டு நாள் கூடுதலாகும் என்று வந்தது. லீவையும் கூட்டிக் கேட்டார். போர்மேன் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்.

முன்னறையில் தையல்காரம்மா கால்சட்டையின் மார்புப் பகுதியை ஒரே வெட்டாக வெட்டி எறிந்தார். இடுப்பில் அகலமான எலாஸ்டிக், இரண்டு பக்கமும் முழங்கால் வரை ஜிப், காற்றுக்குத் தடையாக மேலே நீளமான கம்பளிச் சட்டை. கையுறையோடு கழற்ற வருகிறதா என்று குளியலறையில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். வந்தது.

பச்சைப் புள்ளிகளையும் புது உடுப்பையும் பார்த்துவிட்டு, இரண்டாவது ஓட்டத்துக்கு மகள் சாவியைக் கொடுத்தபோது கூடவே இரண்டு பெரிய தண்ணீர்ப் பாட்டிலும் கொடுத்தாள். "ரெண்டும் காலியா வரணும்."

காலியாகத்தான் வந்தன. மகள் அதையும் நம்பவில்லை. "வழியில செடிக்கு ஊத்தினீங்களோ என்னவோ. அம்மா, கடைசியா போனப்ப என்ன கலர்?"

"அப்பா முன்னாடி கேக்கற கேள்வியாடி இது?"

"அப்பாவும் தெரிஞ்சுக்கணும்னுதான் கேக்கறேன். மஞ்சளா, வெளுப்பா?"

"வெளுப்புதான். போதுமா? எடுத்து வரலைன்னு கோவமா?"

மகள் சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை.

குளிர் நன்றாக இறங்கிய ஒரு காலையில் கிளம்பினார்கள். ஊர் எல்லை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் முதல் பச்சைப் புள்ளி. வண்டி பங்கில் நுழைந்ததும் பம்ப் அடிப்பவர் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"எவ்வளவுக்கு சார்?"

"டேங்க் ஃபுல்லா இருக்கு. டாய்லெட் சாவி குடுங்க."

அவர் குழாயைத் தொங்கவிட்டுக்கொண்டு வாயைப் பிளந்தார். "போன்ல தாழ்ப்பாள் இருக்கான்னு கேட்டது நீங்கதானா?"

"நான்தான். இருக்கா?"

"உங்க தொல்லை தாங்காம புதுசா போட்டோம் சார்."

தையல்காரம்மா சாவியை வாங்கிக்கொண்டு நிமிர்ந்து நடந்து போனார். கணவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பனி இன்னும் பல நாள் தள்ளி இருந்தது. மனைவி திரும்பி வந்து பாட்டிலைத் திறந்து குடித்துவிட்டு அவரிடம் நீட்டினார். வாங்கி இரண்டு வாய் குடித்தவர், கொஞ்சம் யோசித்துவிட்டு வண்டியை மனைவியின் கையில் கொடுத்தார்.

"பிடிச்சுக்கோ. நானும் ஒரு நடை போயிட்டு வந்துடறேன்."