ஆத்தான்னு கூப்பிட்டா

பந்தைப் பறிக்கச் சொல்லிக் கொடுக்கறது இருக்கே, அந்த மாதிரி உசுரை வாங்குற வேலை வேற கிடையாது. கம்பம் ஊருக்குப் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துல நான் விளையாட்டு டீச்சர். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கெல்லாம் அரசாங்கம் சைக்கிள் கொடுக்க ஆரம்பிச்ச சமயம். நிறுத்த இடமில்லை. தலைமையாசிரியர் கண்ணு எங்க கூடைப்பந்து மைதானத்து மேல விழுந்துச்சு. "இந்த வருசம் மாவட்டக் கோப்பையக் கொண்டாங்க டீச்சர், கிரவுண்டு ஒங்களுக்கு. இல்லைன்னா சைக்கிள் செட்டுதான்"னு சொல்லிட்டாக.

என் பிள்ளைகளுக்கு ஒரு கெட்ட பழக்கம். பந்து வச்சிருக்கவளோட தோளைப் பார்க்கவே மாட்டாளுக. "இங்கன போடு ஆத்தா"ன்னு எந்தப் பக்கம் சத்தம் வருதோ அந்தப் பக்கம் பாய்வாளுக. பந்து மறுபக்கம் போயிரும். கத்திக் கத்தி என் தொண்டைதான் கட்டிக்கிச்சு. கடைசியில துப்பட்டாவக் காதோட சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டு, "இப்பப் பாருங்கடி, தோளு திரும்புற பக்கம்தான் பந்து போகும்"னு ஆடவிட்டேன். தலை அரிக்குதுன்னு சிணுங்குனாளுக. அரிக்கட்டும்னு விட்டுட்டேன்.

அதுல ஒருத்திக்கு வித்தை பிடிபட்டுருச்சு. அப்பா அம்மா திராட்சைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போறவக. பந்து கிளம்புமுன்ன இவ கை அங்கன நிக்கும்.

உத்தமபாளையத்துல இறுதி ஆட்டம். எதிர்ல ஆண்டிபட்டிப் பக்கத்து அணி. நாங்க ஒரு புள்ளி முன்னாடி, ஆட்டம் முடியப் போகுது. எங்க கூடைக்குப் பக்கத்துல அவளுக பாஸ் போட, குறுக்க விழுந்து பறிச்சுட்டா அந்தத் திராட்சைத் தோட்டத்துப் புள்ள. பந்தைக் கையில வச்சிருந்தாலே போதும். நான் எந்திரிச்சே நின்னுட்டேன்.

அப்பப் பின்னாலயிருந்து ஒரு குரல். "ஆத்தா, இங்கன போடு ஆத்தா."

திரும்பிக்கூடப் பார்க்காமப் போட்டா. வாங்குனது எதிரணிக்காரி. நேரா எங்க கூடையில போட்டுட்டா. விசில் அடிச்சுட்டாக.

வாய்க்கு வந்தபடி ஏசினேன். "ஒனக்குக் கண்ணு எங்கடி போச்சு?"

"ஆத்தான்னு கூப்பிட்டா டீச்சர். நம்ம புள்ளன்னு நெனச்சுட்டேன்."

பறிக்கச் சொல்லிக் கொடுத்தேன். பறிச்சதை வச்சுக்கவுமா ஒருத்தி சொல்லிக் கொடுக்கணும்?

அந்த மாசமே மைதானத்துக் கூடைப் போஸ்ட்டைப் பிடுங்கி, சைக்கிள் நிறுத்தத் தகரம் போட்டாக. அவளுக்கும் சைக்கிள் கிடைச்சுது. அவ மட்டும் அதைக் கொண்டுபோய் வெளியில, காம்பவுண்டுச் சுவத்துல சாத்தி வைப்பா.

"வெயில்ல டயர் வெடிச்சுரும் புள்ள, உள்ள நிறுத்து"ன்னேன்.

"வெடிக்கட்டும் டீச்சர்"னு சொல்லிட்டு வகுப்புக்குப் போயிட்டா.