படத்தில் இல்லாத கிணறு

எங்கள் குடும்பத்தில் ஃபோன் படங்களுக்குப் பொறுப்பாளன் நான்தான். யாரும் நியமிக்கவில்லை, நானே ஏறி உட்கார்ந்துகொண்டேன். யாருடைய ஃபோனில் இடம் போதாவிட்டாலும் என்னிடம் வரும். வெள்ளிக்கிழமை வாழ்த்துப் படங்களை மொத்தமாக அழி, ஒரே முகம் ஏழு தடவை இருந்தால் ஒன்றை மட்டும் வை, எடுக்கும் முன் கேமராக் கண்ணாடியைச் சாரன் நுனியால் துடை. என் உபதேசம் கேட்காவிட்டாலும் கிடைக்கும்.

அந்தத் தலைக்கனத்தோடுதான் தங்கச்சியின் கலியாணப் பேச்சுக்குள் கையை வைத்தேன்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அதனால் பெண்ணைப் பார்க்கிற அளவுக்கு வீட்டையும் பார்ப்பார்கள். மாப்பிள்ளைக்குக் கட்டாரில் வேலை, அவருடைய உம்மா நிந்தவூரில். வீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். தங்கச்சிக்கு அவரைப் பிடித்திருந்தது. வாயால் சொல்லவில்லை, அவருடைய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததை நான் கண்டேன்.

படம் எடுத்தேன். சரிவை நிமிர்த்தினேன், வெளிச்சத்தைக் கூட்டினேன். ஒரு மூலையில் பாசி பிடித்த கிணறு, தண்ணீர் பிடிக்கும் நீலப் பரல், கொடியில் வாப்பாவின் சாரன். பார்க்கவே அசிங்கம். விரலால் தேய்த்தால் வேண்டாததை மறைக்கும் வசதி என் ஃபோனில் புதிதாக வந்திருந்தது. தேய்த்தேன். கிணறு இருந்த இடத்தில் பச்சைப் புல் வந்தது. வீட்டைச் சுற்றிய எங்கள் மணல் வளவில் அப்படியொரு புல்லை யாரும் கண்டதில்லை. அனுப்பிவிட்டு, பழைய படத்தை அழித்து, ஃபோனின் குப்பைத் தொட்டியையும் காலியாக்கினேன்.

மூன்று நாள் பதிலே இல்லை. பிறகு மாப்பிள்ளையின் உம்மா எங்கள் உம்மாவுக்கு அழைத்தார்.

"ஊடு வடிவா இரிக்கி. ஆனா கிணறு ஒண்டும் காணல்லயே. கடலோரத்துல நல்ல தண்ணி இல்லாத வளவுக்கு எண்ட மகன எப்பிடி அனுப்புற?"

பதறிப்போய்க் கிணற்றைப் புதிதாகப் படமெடுத்து அனுப்பினேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

"அண்டைக்குப் புல்லு, இண்டைக்குக் கிணறா? யாருட கிணறு இது?"

பழைய படம் இருந்திருந்தால் காட்டியிருக்கலாம். திருத்துவதென்றால் பிரதியில் திருத்து, மூலத்தைத் தொடாதே என்ற முதல் பாடம் எனக்கு அப்போதுதான் ஏறியது. தங்கச்சி என்னோடு கதைப்பதை நிறுத்தினாள்.

சனிக்கிழமை அந்த உம்மா பஸ் ஏறி நேரிலேயே வந்துவிட்டார். தேத்தண்ணியைத் தொடவில்லை. நேரே கிணற்றடிக்குப் போய், வாளியை விட்டு அள்ளி, ஒரு கை தண்ணீரைக் குடித்தார்.

"அல்ஹம்துலில்லாஹ், இளநி மாதிரி இரிக்கி! இந்தக் கிணத்தயா மகனே அழிச்ச?"

அவருடைய மகனுக்கு அனுப்பப் படம் எடுத்துத் தருகிறேன் என்று ஓடினேன்.

"நீ வேணா. நானே எடுக்கன்."

சரிந்த படம். மூலையில் அவருடைய பெருவிரல். கிணற்றுக்குப் பின்னால் ஜன்னலில் தங்கச்சியின் முகமும் விழுந்திருந்தது, வாய் நிறையச் சிரித்தபடி. கட்டாரிலிருந்து உடனே 'ஓம், சம்மதம்' என்று பதில் வந்தது.

இப்போது கலியாணம் முடித்து எங்கள் வீட்டுக்குக் குடிவந்த மச்சான் தினமும் அந்தக் கிணற்றில்தான் குளிக்கிறார். அவருடைய ஃபோனில் எப்போதும் இடம் போதாது. ஆனாலும் அதை என் கையில் மட்டும் தருவதில்லை. அந்தப் படம் அதற்குள் இருக்கிறதாம்.