ரீட் இல்லாத சாக்ஸபோன்

ஜாஸ் கேட்கும் மும்பைக்காரர்களுக்குக் கரீம் பாட்சாவைத் தெரியும். ஆனால் அவர் சாக்ஸபோனைக் கையில் ஏந்திய முதல் நான்கு ஆண்டுகள் அதிலிருந்து ஒரு சத்தமும் வந்ததில்லை என்பது பலருக்குத் தெரியாது.

தாராவியில் தோல்பை தைத்துக்கொண்டிருந்த பாட்சா, 2006-இல் கண்ணா மாஸ்டரின் கல்யாண பேண்டில் சேர்ந்தார். மாப்பிள்ளை ஊர்வலத்தில் இருபது பேர் நடந்தால் பன்னிரண்டு பேர்தான் வாசிப்பார்கள். மற்ற எட்டுப் பேரும் டம்மி. வரிசை நீளமாகத் தெரிய வேண்டும் அல்லவா? சிவப்புக் கோட்டு அணிந்து, கன்னத்தை உப்பவைத்து, வாசிப்பதுபோல நடப்பார்கள். சாக்ஸபோனின் வாயில் ரீட் என்று ஒரு மெல்லிய நாணல் தகடு இருக்கும். அது அதிர்ந்தால்தான் ஒலி பிறக்கும். டம்மிகளின் வாத்தியத்திலிருந்து அதை மாஸ்டர் கழற்றிவிடுவார்.

முன்னால் நின்று சாக்ஸபோன் வாசிக்கும் மாஸ்டரின் விரல்களைப் பார்த்துப் பார்த்தே பாட்சாவுக்கு எல்லாப் பாட்டும் கைக்கு வந்துவிட்டது. 2010 டிசம்பர் 5 அன்று, வடாலாவில் ஒரு கல்யாணம். தானே வாங்கிய ரீட் ஒன்றைச் செருகிக்கொண்டு போனார். மாஸ்டர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் நான்கே சுரங்கள் ஊதினார். ஆடிக்கொண்டிருந்த கூட்டம் திரும்பிப் பார்த்தது.

மாஸ்டர் ஊர்வலத்தையே நிறுத்தினார். ரீட்டைப் பிடுங்கி, மாப்பிள்ளையின் குதிரைக்கு முன்னால் இரண்டாக ஒடித்தார். “டம்மிக்கு எதுக்குலே நாக்கு?” என்றார். குதிரைக்காரன் உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

பாட்சா குனிந்து இரண்டு துண்டுகளையும் பொறுக்கிக்கொண்டார். அன்றே பேண்டைவிட்டு விலகினார்.

செம்பூரில் பியானோ வாசிக்கும் ஸ்மிதாவிடம் ஜாஸ் கற்றார். அந்த இசையின் ஒரு வழக்கம் அவருக்கு உடனே பிடித்துப்போனது: மெட்டு முடிந்ததும் தலைவர் ஒருவரைப் பார்த்துத் தலையசைப்பார், மற்றவர்கள் நிறுத்திக்கொள்ள, அந்த ஒருவர் தனியாக வாசித்தாக வேண்டும். யாரும் ஊமையாக நிற்க முடியாது. அந்தத் தலையசைப்புக்காகவே பாட்சா பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தார். ஒடிந்த துண்டுகள் கைக்குட்டையில் இருந்தன.

“இன்னுமா அதைத் தூக்கிப் போடல?” என்பார் மனைவி சாயிரா.

“ஆளு இன்னும் உயிரோடதானே இருக்காரு!”

2023 ஜூலையில் மாட்டுங்காவில் பாட்சாவின் தலைமையில் ஜாஸ் கச்சேரி. மழைக்காலத்தில் கல்யாணங்கள் இல்லாததால் மாஸ்டரின் பேண்டு சும்மா இருந்தது. பாட்சா நேரில் போய் அழைத்தார்.

“உடுப்பு போட்டு மேடையில நிக்கணும் மாஸ்டர், அவ்வளவுதான். வாசிக்க வேண்டாம், உங்க ரீட்டைக் கழட்டி நான் வாங்கி வச்சுக்கிடுதேன்.”

“நிக்கதுதானே? லேசான வேலை! ஆமா, உம்மை எங்கயோ பார்த்திருக்கேனே, வே?”

மறந்தே போயிருந்தார். பாட்சா பெயரைச் சொல்லாமல் முன்பணத்தை நீட்டினார்.

மேடையில் மூன்றாவது உருப்படி. மெட்டு முடிந்தது. பாட்சா பின்வரிசையில் நின்ற கண்ணா மாஸ்டரைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்தார். டிரம்ஸ் நின்றது. விளக்கு மாஸ்டர்மேல் விழுந்தது. எண்ணூறு பேர் காத்திருந்தார்கள். மாஸ்டர் பதறி ஊதினார். வெறும் காற்று வந்தது. மீண்டும் ஊதினார், மீண்டும் காற்று. நெற்றியில் வியர்வை வழிந்தது. பாட்சா சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து விரித்து, அந்தத் துண்டுகளை உள்ளங்கையில் ஏந்திக் காட்டினார். மாஸ்டரின் முகத்தில் வடாலா திரும்பி வந்தது.

அதற்குள் அரங்கம் கைதட்டியது! அந்தக் காற்றோசையும் ஜாஸ்தான் என்று நினைத்துவிட்டார்கள். முன்வரிசை எழுந்தே நின்றது. மாஸ்டர் திகைத்து, பிறகு தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்கினார்.

திரை விழுந்ததும் நேராக வந்தார். “பார்த்தீராவே? நாக்கு இல்லாமயே கைதட்டு வாங்கிட்டேன்!”

“நாலு வருஷம் நானும் அப்படித்தான் உமக்கு வாங்கிக் கொடுத்தேன், மாஸ்டர்.”

மாஸ்டரின் சிரிப்பு நின்றது. கொடுத்து வைத்திருந்த தன் ரீட்டைக் கேட்டுக் கையை நீட்டினார். பாட்சா கைக்குட்டையை மீண்டும் அவிழ்த்து, ஒடிந்த இரண்டு துண்டுகளை அந்தக் கையில் வைத்துவிட்டு நடந்தார்.